பாட்டாச் செருப்பால் மினுங்கிய மொறிஸ்

விடிய எழும்பி முகம் கழுவுகிறேனோ இல்லையோ, முற்றத்தில் நிற்கும் காரை ஒருதரம் சுற்றி வருகிறேன். வீட்டுக்காரியும் பிள்ளைகளும் சிரித்து ஓய்ந்துவிட்டார்கள். பக்கத்து வீட்டு மாமி மட்டும் இன்னும் மதிலுக்கு மேலால், “என்ன தம்பி, இராத்திரி ஒருத்தரும் கொண்டு போகேல்லையோ?” என்று கேட்கிறார். கேட்கட்டும்! அறுபத்தைந்து வயதுக் கார் ஒன்று, இப்போதுதான் கேணியில் குளித்து ஏறிய யானைக்கன்று மாதிரிச் சாம்பல் நிறத்தில் மினுங்கிக்கொண்டு நின்றால் யார்தான் பார்க்காமல் போவார்கள்? அந்த மினுக்கத்துக்கு நான் கொடுத்த காசு 114,000 ரூபா. இதைக் கேட்டவர்கள் பாதிப் பேர் நம்பவில்லை. மீதிப் பேர் தங்கள் காரையும் கொண்டு வரட்டோ என்று கேட்டார்கள்.

முதலில் விலை கேட்கப்போன ஒரு பெரிய கராஜில் மூன்றரை இலட்சம் சொன்னார்கள். சொன்னவர் காரைச் சுற்றிக்கூடப் பார்க்கவில்லை. கதிரையில் இருந்தபடியே, “உந்தக் காருக்கு உவ்வளவு செலவழிக்கிறது வீண் அண்ணை, வந்த விலைக்குக் குடுங்கோ” என்றார். என் கையில் இருந்ததோ ஒன்றேகால் இலட்சம். அவரைக் குறை சொல்லவும் முடியாது. 2022 இல் டொலர் இருநூறு ரூபாவிலிருந்து முந்நூற்று அறுபதுக்குப் பாய்ந்தபோது பெயின்ற், தின்னர், பட்டி, சாண்ட் பேப்பர் எல்லாம் சேர்ந்து பாய்ந்தன. ஏறியது அவ்வளவு இலகுவில் இறங்குமா என்ன? அதற்கு முன்பே, 2020 இல், வாகன இறக்குமதியை நிறுத்திவிட்டார்கள். 2025 தொடக்கத்தில் திறந்தபோது வரியைக் கேட்டே பலருக்குத் தலைசுற்றியது. அதனால் உள்ளதை ஒப்பேற்றி ஓடுவது என்பது எங்கள் ஊரில் மறுபடியும் பெருங்கலையாகிவிட்டது. மறுபடியும் என்றா சொன்னேன்? யாழ்ப்பாணத்தில் அது எப்போது கலையாக இல்லாமல் இருந்தது!

என் கார் 1960 ஆம் ஆண்டு மொறிஸ் மைனர் 1000. அப்பப்பா மலாயன் பென்சனியர். மலாயாவில் உழைத்துத் திரும்பி, உரும்பிராயில் கல்வீடு கட்டி, மிச்சக் காசில் இதை வாங்கினார். அடுத்த சில வருடங்களில் அந்நியச் செலாவணித் தட்டுப்பாட்டால் கார் இறக்குமதி இறுகியது. அன்று வந்திறங்கிய மொறிஸ்களும் ஒஸ்ரின்களும்தான் அதற்குப் பிறகு கலியாண வீட்டுக்கும் ஆசுபத்திரிக்கும் வாடகைக் காராக ஓடி, எங்கள் தலைமுறையையும் பள்ளிக்கூடத்துக்கு ஏற்றி இறக்கின. அலெக் இசிகோனிஸ் என்ற பொறியியலாளர் வடிவமைத்து 1948 இல் வெளிவந்த இந்தக் கார், உலகம் முழுவதும் பதினாறு இலட்சத்துக்கு மேல் செய்யப்பட்டது. கடைசி நேரத்தில் மாதிரிக் கார் ஒடுக்கமாக இருக்கிறது என்று அதை நடுவே பிளந்து நாலு அங்குலம் அகட்டினாராம். அதனால்தான் மொறிஸ் பொனற்றின் நடுவில் நீளவாக்கில் ஒரு பட்டை தெரியும். இந்தப் பட்டையை நினைவில் வைத்துக்கொள்ளுங்கள். பிறகு என்னை அழவைத்தது அதுதான்.

பெயின்ற் என்று வந்ததால் இன்னொன்று. 1960 கடைசியில் பத்து இலட்சமாவது மைனர் ஆலையை விட்டு வெளியே வந்தபோது அதைக் கொண்டாட 350 கார்களுக்கு ஊதாச்சாயல் நிறம் அடித்தார்களாம். கத்தரிப்பூ நிறம் என்று வைத்துக்கொள்ளுங்கள். நல்லகாலம், எங்கள் அப்பப்பாவுக்கு வந்தது அதில் ஒன்று அல்ல. அவருக்கு வந்தது ‘ஸ்மோக் கிறே’: நீலம் லேசாகக் கலந்த சாம்பல். ஆனால் காரின் வெளிப்புறத்தில் அந்த நிறத்தை நான் வாழ்க்கையில் பார்த்ததே இல்லை.

ஏனென்றால் அது மூன்று நிறங்களுக்குக் கீழே புதைந்து கிடந்தது. தேய்க்கத் தொடங்கிய முதல் நாளே, இடது மட்கார்ட்டில் ஒரு உள்ளங்கை அகலத்துக்கு, பனாட்டுத் தட்டு மாதிரி அடுக்கடுக்காக எல்லாம் வெளியே வந்தது. மேலே வெள்ளை. அது 2011 இல், ஏ9 பாதை திறந்து ஊருக்குள் காசு புழங்கத் தொடங்கிய காலத்தில், ஒரு இடத்தில் மலிவாக அடித்தது. ஒன்றரை வருடத்தில் அப்பளம் மாதிரிப் பொருமி உரியத் தொடங்கியது. கீழே இருந்ததைத் தேய்க்காமலே மேலே விசிறியிருக்கிறார்கள் என்று எனக்கு இப்போதுதான் விளங்கியது. வெள்ளைக்குக் கீழே பச்சை. அது கேற்றுக்கு அடிக்கிற எனாமல், பொருளாதாரத் தடைக் காலத்தில் அப்பா எங்கோ தேடிப் பிடித்த அரை ரின், தூரிகையால் இழுத்தது. இழுத்த கோடுகூட அப்படியே இருந்தது! பெற்றோல் கண்ணால் காணக் கிடைக்காத அந்த நாட்களில், சின்னப் போத்தலில் சொட்டுப் பெற்றோல் விட்டு எஞ்சினை எழுப்பி, பிறகு மண்ணெண்ணெய்க்கு மாற்றி ஓடிய கார் இது. புகைபோக்கிப் பக்கம் பச்சைக்கு மேல் கரி படிந்திருந்தது. பச்சைக்குக் கீழே மறூன். எழுபத்தேழுக்குப் பிறகு சாமான் தாராளமாக வரத் தொடங்கியபோது அப்பப்பா ஆசைப்பட்டு மாற்றியது. அதற்கும் கீழே, ஒரு ரூபாக் குத்தி அளவில், புகைச் சாம்பல்.

அன்றைக்குத்தான் முடிவெடுத்தேன். இந்த நிறம்தான்.

இலக்கத் தகட்டைக் கழற்றும்போது அப்பா வந்து பக்கத்தில் நின்றார். தகட்டில் சிங்கள ‘ஸ்ரீ’. 1957 இல் புதிய வாகனங்களுக்கு அந்த எழுத்துக் கட்டாயமானபோது, தமிழரசுக் கட்சிக்காரர் அதை எதிர்த்துத் தமிழ் ‘ஸ்ரீ’ எழுதிப் போராடினார்கள். 1958 இல் தெற்கே தமிழ் எழுத்துப் பலகைகளுக்குத் தார் பூசினார்கள். தூரிகையும் பெயின்ற் வாளியும் இந்த நாட்டு அரசியலில் எவ்வளவு வேலை செய்திருக்கின்றன என்று நினைத்துக்கொண்டேன். அப்பா ஒன்றும் பேசவில்லை. தகட்டை வாங்கிச் சாரத்தால் துடைத்துக் கொண்டுபோய்ச் சாமியறைக்குப் பக்கத்தில் வைத்தார்.

இனி என் கதாநாயகனைப் பற்றிச் சொல்லவேண்டும். அச்சுவேலிப் பக்கம் ஒரு பெயின்றர் அண்ணை. எழுபதைத் தொடும் வயது. இளவயதில் கொழும்புக் கராஜ் ஒன்றில் வேலை பழகி, 83 கலவரத்தோடு கப்பலில் காங்கேசன்துறைக்கு வந்து இறங்கியவர். கடை இல்லை, பெயர்ப்பலகை இல்லை. ஒரு ஸ்பிறே துவக்கு, ஒரு பழைய கொம்பிறசர், ஒரு சைக்கிள், இவ்வளவுதான் சொத்து. என் காரை ஒரு மணித்தியாலம் சுற்றிப் பார்த்தார். ஒரு இடத்தையும் விடாமல் விரலால் தட்டினார். பிறகு என் கையில் எவ்வளவு இருக்கிறது என்று நேரே கேட்டார். சொன்னேன். சிரிக்கவில்லை.

“தம்பி, கராஜிலை கேட்ட காசிலை முக்கால்வாசி தேய்க்கிற கூலி. நீர் தேய்ச்சுத் தாரும், நான் அடிச்சுத் தாறன். ஆனா நான் சரி எண்டு சொல்லுமட்டும் தேய்க்கவேணும்.”

இந்த ஒரு வசனத்துக்காகவே அவருக்குக் கோயில் கட்டலாம். பெயின்ற் வேலை என்றால் ஏதோ நிறம் விசிறுகிற வேலை என்றுதான் நான் நினைத்திருந்தேன். விசிறுவது ஒருநாள். தேய்ப்பது ஆறு கிழமை! அந்த ஆறு கிழமைக்குத்தான் ஆட்கள் இலட்சக்கணக்கில் கொடுக்கிறார்கள். அதை நான் என் பின்னேரங்களால் கட்டிவிட்டேன்.

முதல் பாடம் கழற்றுவது. குறோமியப் பட்டி, பம்பர், லைற், கைபிடி, கண்ணாடி றப்பர் எல்லாவற்றையும் கழற்றிப் பெட்டிகளில் பெயர் எழுதி வைத்தோம். கழற்றாமல் கடதாசி ஒட்டி மறைத்து அடித்தால் ஓரத்தில் மயிரிழை விடும். அந்த இழையால்தான் ஒரு வருடத்தில் உரியத் தொடங்கும். மலிவு வேலையைப் பிடிக்க வேண்டுமென்றால் கண்ணாடி றப்பரைக் கொஞ்சம் விலக்கிப் பாருங்கள், பழைய நிறம் எட்டிப் பார்க்கும்.

அடுத்தது துரு. மூன்று பக்கம் கடல், நடுவில் களப்பு. எங்கள் காற்றே உப்பு. மொறிஸுக்குக் கதவுக்குக் கீழே போகும் படித்தகடும், முன் மட்கார்ட்டுக்குள் லைற்றுக்குப் பின்னால் சேறு தங்கும் இடமும் எப்போதும் பலவீனம். அண்ணை ஸ்குறூட்றைவரால் குத்தினார். இரண்டு இடத்தில் அது நேரே உள்ளே போய்விட்டது. என் நெஞ்சுக்குள்ளும்தான். “பட்டி போட்டு மூடலாம்தானே?” என்று பயந்து பயந்து கேட்டேன். அவர் பார்த்த பார்வை! துருவுக்கு மேல் பட்டி போட்டால் அது உள்ளே தின்றுகொண்டே இருக்கும், ஒரு மாரி தாண்டாது என்றார். அழுகியதை வெட்டி, புதுத் தகடு வைத்துச் சுன்னாகத்தில் வெல்டிங் செய்வித்தோம். (ஒரு சுவையான விசயம்: மொறிஸ் மைனர் தகடுகளை இலங்கையிலேயே அடித்துப் பிரித்தானியாவுக்கு அனுப்பிய காலம் ஒன்று இருந்தது. பாத் நகரில் மொறிஸ் மைனர் நிலையம் நடத்திய சாள்ஸ் வெயர் என்பவரோடு சேர்ந்து 1990களில் தொடங்கிய வேலை. வெள்ளைக்காரன் காருக்கு நாங்கள் ஒட்டுப்போட்டிருக்கிறோம்!) துரு தொட்டும் தொடாமலும் இருந்த இடங்களுக்குப் பொஸ்போரிக் அமிலம் கலந்த துருக்கொல்லி பூசிக் கறுக்கவிட்டுக் கழுவினோம்.

பிறகு தின்னர் சோதனை. பழந்துணியைத் தின்னரில் நனைத்து ஒவ்வொரு நிறத்திலும் வைத்து அழுத்தினார் அண்ணை. வெள்ளை துணியில் கரைந்து வந்தது. அப்பாவின் கேற்றுப் பச்சை கரையவில்லை. கிழவியின் கன்னம் மாதிரிச் சுருங்கி எழும்பியது. “இதுக்கு மேலை அடிச்சா முழுக்க உப்பிடித்தான் எழும்பும்” என்றார். ஆகவே பச்சை முழுவதும் போகவேண்டும். தகடு தெரியும்வரை. நான் தேய்த்த தேய்ப்பில் பாதி அந்தப் பச்சைக்குத்தான். திட்டிக்கொண்டேதான் தேய்த்தேன். ஆனால் டிக்கி மூடியின் உட்பக்கத்தில், யார் கண்ணிலும் படாத ஒரு மூலையில், அந்தத் தூரிகைக் கோட்டில் நாலு விரல் நீளத்தை விட்டுவைத்திருக்கிறேன். அப்பாவுக்குச் சொல்லவில்லை.

என்ன பெயின்ற் அடிப்பது என்பதில் பெரிய வாக்குவாதம் நடந்தது. இப்போது எல்லோரும் கேட்பது ஹாட்னர் கலந்து அடிக்கும் ‘ரூ கே’. கல்லுமாதிரி நிற்கும், பெற்றோல் பட்டாலும் கரையாது. எனக்கும் ஆசைதான். ஆனால் அந்த ஹாட்னரில் இருக்கும் ஐசோசயனேற் நெஞ்சுக்குள் போனால் ஆஸ்துமா. வெளிக்காற்றைக் குழாயால் கொண்டுவரும் முகமூடி இல்லாமல் அதை வீட்டு முற்றத்தில் அடிக்கக்கூடாது. துணியை மூக்கில் கட்டிக்கொண்டு அடிக்கிறவர்களைக் கண்டிருக்கிறேன், வயிறு எரியும். நாங்கள் எடுத்தது பழைய என்.சி. பெயின்ற், நைற்றோ செலுலோஸ். கெதியில் காயும், அதனால் தூசி ஒட்ட நேரமில்லை. பிழைத்தால் அந்த இடத்தை மட்டும் திரும்ப அடிக்கலாம், புதியது பழையதைக் கரைத்துக்கொண்டு ஒன்றாகிவிடும். கற்றுக்குட்டிக்கு இதைவிடக் கருணையுள்ள பெயின்ற் இல்லை! (இதற்கும் வடிகட்டி வைத்த முகமூடி வேண்டும், அடுப்பும் பீடியும் கிட்ட வரக்கூடாது.) குறை, கல் தெறித்தால் சில்லு எழும்பும், வருடத்தில் இரண்டு மூன்று தரம் மெழுகு போட்டுப் பார்க்கவேண்டும். ஞாயிற்றுக்கிழமைக் காருக்கு அது ஒரு பொருட்டா?

நிறத்தை மாற்றாமல் பழைய நிறத்துக்கே போனதிலும் காசு மிச்சம். நிறம் மாற்றினால் கதவின் உட்பக்கம், எஞ்சின் அறை எல்லாம் அடிக்கவேண்டும். எங்கள் காரில் அந்த இடங்களில் அப்பப்பா காலத்துச் சாம்பல் அப்படியே இருந்தது. மினுக்கத்தூள் கலந்த மெற்றாலிக் வேண்டாம், அதற்கு மேலே தெளிவார்னிஸ் ஒரு செலவு. கறுப்பு வேண்டவே வேண்டாம், தகட்டில் உள்ள ஒவ்வொரு நெளிவையும் ஊருக்கே காட்டிக்கொடுக்கும். உரும்பிராய்ச் செம்மண் தூசிக்குச் சாம்பல் நிறம் ஒரு வரம்.

டிக்கிக்குள்ளே வெயில் படாமல் இருந்த ஒரு சின்னத் தகட்டைக் கழற்றிக்கொண்டு ஸ்ரான்லி வீதிக்குப் போனோம். அங்கே பெயின்ற் கலக்கிய பெடியனை நான் மறக்கமாட்டேன். கண்ணாலேயே கலக்கினான். ஒரு சொட்டு நீலம், அரைச் சொட்டுக் கறுப்பு. மட்டையில் பூசிக் காயவிட்டு, வெயிலுக்குக் கொண்டுவந்து தகட்டோடு ஒட்டிப் பார்த்தான். ஈரத்தில் ஒரு நிறம், காய்ந்தால் ஒரு நிறம். ஏழாவது மட்டையில் இரண்டும் எங்கே பிரிகின்றன என்று எனக்குத் தெரியவில்லை. நாலு லீற்றரையும் ஒரே தடவையில் கலந்து வாங்கினோம். குறைந்தால் பிறகு கலந்துகொள்ளலாம் என்று நினைப்பது ஆபத்து, இரண்டாம் கலவை முதலாவதைப் போல் வராது.

தேய்ப்புக்கு வருவோம். மொறிஸ் முழுக்க வளைவு. மரக்கட்டையில் சாண்ட் பேப்பரைச் சுற்றித் தேய்த்தால் வளைவு தட்டையாகிவிடும், வெறுங்கையால் தேய்த்தால் விரல் தடம் வாய்க்கால் போடும். அண்ணை தன் காலில் இருந்த பழைய பாட்டாச் செருப்பைக் கழற்றினார். குதிப்பக்கத்தைக் கத்தியால் வெட்டினார். அதில் வோட்டர் பேப்பரைச் சுற்றினார். அவ்வளவுதான்! றப்பர் வளைவோடு வளைகிறது, ஆனால் குழி விழ விடுவதில்லை. வெளிநாட்டில் இதற்கென்றே விற்கும் கட்டைகளைப் பிறகு பார்த்தேன். எங்கள் பாட்டாவுக்குக் கிட்டவும் வராது என்று சத்தியம் செய்வேன்.

பட்டி மெல்லிசாக, பிறகு பிறைமர். பிறைமர் காய்ந்ததும் அதன்மேல் கறுப்பை மிக லேசாகப் புகைமாதிரி விசிறினார். எதற்கு என்று விளங்கவில்லை. 320 ஆம் இலக்கப் பேப்பரால் தேய்த்தபோது விளங்கியது. மேடான இடத்தில் கறுப்பு உடனே போய்விடுகிறது, பள்ளத்தில் தங்கி நிற்கிறது. தகட்டில் இவ்வளவு நாள் ஒளிந்திருந்த ஒவ்வொரு குழியும் கறுப்புப் பொட்டு வைத்துக்கொண்டு எழும்பி வந்தது. திரும்பப் பட்டி, திரும்பப் பிறைமர், திரும்பக் கறுப்பு. பின்னேரங்களில் அண்ணை சைக்கிளில் வந்து, மெல்லிய பருத்தித் துணியைத் தகட்டில் வைத்து அதன்மேல் உள்ளங்கையால் தடவுவார், கண்ணை மூடிக்கொண்டு. சட்டென்று கை நிற்கும். சோக்கால் ஒரு வட்டம் போடுவார். “இது கிடக்கு.” எனக்கு அங்கே ஒன்றுமே தெரியாது. “கண்ணை மூடும் தம்பி, மூடிப் பாரும்.” நாலாம் கிழமையில்தான் என் விரலுக்கும் அது தெரியத் தொடங்கியது. அந்தப் பின்னேரத்தை என்னென்று சொல்ல! பிறவிக் குருடனுக்குப் பார்வை கிடைத்த மாதிரி, அதுவும் கண்ணை மூடிக்கொண்டு.

தண்ணீர் இன்னொரு சோதனை. எங்கள் கிணறு சுண்ணாம்புக் கல்லில் வெட்டியது. கேத்திலுக்குள் வெள்ளையாகப் படிவதைப் பார்த்தாலே தெரியும். அந்தத் தண்ணீரால் தேய்த்துக் காயவிட்டால் தகட்டில் வெள்ளைப் புள்ளி. புள்ளிக்கு மேல் பெயின்ற் அடித்தால் மாரியில் கொப்புளம். ஆகவே கடைசிக் கழுவலுக்குச் சுத்திகரித்த குடிதண்ணீர் இரண்டு கான் வாங்கினேன். “காருக்கு வாங்கின தண்ணி, மனிசருக்குக் கிணத்துத் தண்ணியோ?” என்று அம்மா கேட்டது இன்றைக்கும் வீட்டில் ஓடுகிறது.

அடிக்கும் நாளைத் தெரிவது கலியாணத்துக்கு நாள் பார்ப்பதைவிடக் கஷ்டம். ஐப்பசி முதல் மார்கழி வரை மழை. தை மாசியில் விடியப் பனி. என்.சி. பெயின்றில் தின்னர் ஆவியாகும்போது தகடு குளிரும், காற்றில் ஈரம் இருந்தால் அது வந்து படிந்து, பெயின்ற் பால் ஊற்றினது மாதிரி வெளுத்துவிடும். வைகாசி பிறந்தால் சோளகம், தூசியை அள்ளி வீசும். இடையில் கிடைப்பது பங்குனியும் சித்திரையும்தான், வெயில் சுடும், காற்றும் படுத்துக் கிடக்கும். கனடாவிலிருந்து வரும் சித்தப்பா மகனுக்கு வைகாசியில் கலியாணம், மாப்பிள்ளை இந்தக் காரில்தான் போகவேண்டும் என்று நின்றான். ஆகவே 2025 பங்குனியில் ஒரு ஞாயிறு.

கிடுகுக் கொட்டிலுக்குள் கிடுகுத்தூள் விழாமல் மேலேயும் பக்கத்திலும் பழைய வெள்ளைப் படுக்கைவிரிப்புகளைக் கட்டினோம். நிலத்துக்குத் தண்ணீர் தெளித்துச் செம்மண்ணை அடக்கினோம். வெள்ளை கட்டிய கொட்டிலை றோட்டால் பார்த்துவிட்டு, “யார் தம்பி? எப்ப முடிஞ்சது?” என்று இரண்டு பேர் சைக்கிளை நிறுத்தி விசாரித்தார்கள். ஒருவருக்குப் பெரிய ஏமாற்றம்.

காலை ஒன்பது மணிக்கு, பனி முழுக்கக் காய்ந்த பிறகு, அண்ணை துவக்கைக் கையில் எடுத்தார். அதுவரை கூனி நடந்த மனிசன் நிமிர்ந்தார்! முதலில் கூரை. துவக்கு தகட்டிலிருந்து ஒரு சாண் தூரம், கூடவும் இல்லை, குறையவும் இல்லை. தகட்டுக்கு வெளியே தொடங்கி, தகட்டைக் கடந்து, வெளியே போய்த்தான் விரலை எடுப்பார். ஒவ்வொரு இழுப்பும் முந்தியதன் பாதியில் ஏறும். மணிக்கட்டை மடக்கமாட்டார், முழு உடம்பும் பக்கவாட்டில் நகரும். கோயில் திருவிழாவில் காவடி எடுக்கிறவர் கால் வைக்கிற மாதிரி, அளந்து அளந்து. ஒரு சுற்று முடிய, கால் மணித்தியாலம் பொறுத்திருப்பார், ஒரு பிளேன்ரீ. பிறகு அடுத்த சுற்று. நாலு சுற்று.

மூன்றாம் சுற்றில் அது நடந்தது. பங்குனி, வேம்பு பூக்கிற மாதம் என்பதை அவ்வளவு கணக்குப் பார்த்த நாங்கள் மறந்துவிட்டோம். விரிப்பின் ஒரு இடுக்கால் ஒரேயொரு வேப்பம்பூ சுழன்று சுழன்று வந்து ஈரக் கூரையின் நட்டநடுவில் குந்தியது. நான் கையை நீட்டினேன். “தொடாதையும்!” அவர் போட்ட சத்தத்தில் கோழிகள் ஓடின. காயவிட்டு, அந்தப் பூவை 800 ஆல் மெதுவாகத் தேய்த்தெடுத்து, அதன்மேல் நாலாம் சுற்றை அடித்தார். இன்றைக்கு அந்த இடத்தைக் காட்டச் சொன்னால் என்னாலும் முடியாது.

இரண்டு கிழமை காயவிட்ட பிறகு கடைசிக் கட்டம். 1500, பிறகு 2000, சவர்க்காரத் தண்ணீரோடு, அதே பாட்டாச் செருப்பால். மினுங்கிக்கொண்டிருந்த காரை நீங்களே தேய்த்து மங்கலாக்கவேண்டும்! அதற்கு மனம் கல்லாக வேண்டும். பொனற் பட்டையின் விளிம்பில்தான் எனக்கு வினை வந்தது. இசிகோனிஸ் அகட்டிய அந்த நாலு அங்குலத்தின் ஓரத்தில் ஆர்வக் கோளாறில் இரண்டு இழுப்புக் கூடப் போட, பிறைமர் வெளியே எட்டிப் பார்த்தது. கதிரையில் இருந்து உண்மையாகவே அழுதேன். அண்ணை வந்தார், பார்த்தார், “எல்லாரும் உதிலைதான் விழுறவை” என்று சொல்லி, மிச்சம் வைத்திருந்த பெயின்றை ஊதி அந்த இடத்தைக் கரைத்து ஒன்றாக்கினார். கால் மணித்தியால வேலை. விளிம்புக்கு மாஸ்கிங் ரேப் ஒட்டிவிட்டுத் தேய்க்கவேண்டும், கடைசியில்தான் அதை எடுக்கவேண்டும் என்பதை முதலே ஏன் சொல்லவில்லை என்று கேட்டேன். சிரித்தார்.

பிறகு கொம்பவுண்ட். பழைய பெனியனால் வட்டம் வட்டமாக. மங்கலுக்குள்ளிருந்து முதலில் என் முகம் தெரிந்தது. பிறகு பின்னால் நின்ற கமுகு, பிறகு கமுகின் ஓலை நரம்புகூடத் தெரிந்தது. ஐயோ, அந்த ஆழம்! கடையில் வாங்கும் புதுக் காரின் மினுக்கம் கண்ணாடி மாதிரி மேலே நிற்கும். இது கிணற்றுத் தண்ணீர் மாதிரி உள்ளே போகிறது.

செலவுக் கணக்கு: பெயின்ற், தின்னர், பிறைமர், பட்டி, பேப்பர், கொம்பவுண்ட் என்று சாமான்கள் 58,000. வெல்டிங் 14,000. அண்ணைக்கு அவர் கேட்டது 25,000, நான் கொடுத்தது 35,000, அதுவும் அவர் சட்டைப் பையில் திணித்து. தேத்தண்ணி, ஓட்டோ, குடிதண்ணீர்க் கான் எல்லாம் சேர்த்து 7,000. என் தோள் நோவுக்கு அம்மா பூசிவிட்ட நல்லெண்ணெய் கணக்கில் இல்லை.

கலியாணத்தன்று பூக்கட்ட வந்த பெடியன் செலோரேப் உருளையோடு பொனற்றுக்குக் கிட்ட வந்தான். பாய்ந்து விழுந்து தடுத்தேன். அப்பாவின் பழைய வேட்டியைக் கிழித்து நாடாவாக்கி, அதில் பூக்கட்டினோம். ரொறன்ரோவிலிருந்து வந்த மாப்பிள்ளை தன்னைப் படம் எடுத்ததைவிடக் காரைத்தான் கூட எடுத்தான். அண்ணையையும் அழைத்திருந்தேன். தோய்த்துப் பெட்டி போட்ட வேட்டி சால்வையோடு சைக்கிளில் வந்தார். பந்தலுக்குள் போகமுன்னம் நேரே காருக்கு வந்தார். சால்வையின் நுனியை இடதுபக்கக் கதவில் வைத்து, கண்ணை மூடி, உள்ளங்கையால் முன்னிருந்து பின்னுக்கு மெதுவாகத் தடவிக்கொண்டு போனார். நான் மூச்சுவிடாமல் பார்த்துக்கொண்டு நின்றேன்.

கை ஓரிடத்தில் நின்றது.

“இதிலை ஒண்டை விட்டிட்டீர் தம்பி” என்று சொல்லிவிட்டுச் சாப்பிடப் போய்விட்டார்.

எந்த இடம் என்று பிறகு எத்தனை தரம் கேட்டும் சொல்லவில்லை. ஆறு மாதமாக ஒவ்வொரு விடியலிலும் அந்தக் கதவைக் கண்ணை மூடிக்கொண்டு தடவிப் பார்க்கிறேன். இன்னும் எத்துப்படவில்லை.